ஜல்தி சாரின் உருளைக்கிழங்கு

உலகத்தில் அவசரக்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம்; அவசரத்தைப் பாத்தி கட்டி வளர்த்தவர் எங்கள் திண்டிவனம் ஜல்தி சார் ஒருவர்தான். ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் "நம்மளுது இது இல்ல" என்று வழியனுப்பிவைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அப்போது அவருடைய ஒரே லட்சியம், கொல்லையில் உருளைக்கிழங்கு எடுப்பது. முதல் வருஷம் ஊட்டியிலிருந்து விதைக்கிழங்கு தருவித்தார். அது மலைவாசி நிதானத்தில் நூறு நாளைத் தாண்டியது. அதற்குள் மாசி வெயில் வந்துவிட, கிழங்கு கோலிக்குண்டு அளவோடு நின்றது.

"நம்ம ஊருக்கு குளிர்னா ரெண்டு மாசந்தாம்பா. அதுக்குள்ள மூட்டை கட்டிக்கினு கெளம்புற ரகம் வோணும்" என்றார்.

புனேயில் இருந்த மைத்துனர் 'குஃப்ரி லவ்கர்' அனுப்பினார். எழுபத்தைந்து நாள் ரகம்.

"லவ்கர்னா மராத்தில இன்னா தெரியுமா? ஜல்தி!" என்றார், தொலைந்த சொந்தக்காரரைக் கண்டுபிடித்த பூரிப்போடு.

விதைக்கிழங்கை முட்டை அட்டைகளில் நிற்கவைத்து, ஜன்னலோரக் கட்டிலில் அடுக்கினார். வெளிச்சம் பட்டால் முளை குட்டையாக, தடியாக வருமாம். அவர் மனைவி பிலோமினா அக்கா மூன்று வாரம் தரையில் படுத்தார். "எனுக்கும் முளை வந்தாத்தான் கட்டில்ல எடம் குடுப்பாரு போல" என்பார்.

கார்த்திகையில் நட்டார். அந்த நேரத்தில்தான் மகள் ஸ்டெல்லாவுக்கு விழுப்புரம் பக்கம் காணை கிராமத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் சம்பந்தம் பேசி முடித்தார்கள். கொல்லையைப் பார்த்த சம்பந்தி சிரித்துவிட்டார். "திண்டிவனத்துல உருளைக்கெழங்கா? நீங்க ஆபீஸ்ல பைலு வளக்கறதோட நிறுத்திக்கோங்க சார்."

ஜல்தி சாரின் மீசை துடித்தது. "தை கடைசில நிச்சயத்துக்கு வர்றீங்க இல்ல? உங்க கண்ணு முன்னாடி தோண்டி, பொரியல் போடறேன்."

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆபீஸ் வேலையாக விழுப்புரம் போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்க வேண்டியதாயிற்று. தோட்டத்தை என் பொறுப்பில் விட்டு ஏதேதோ சொன்னார். என் காது டிரான்சிஸ்டர் கிரிக்கெட்டில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

நாலாம் நாள் பார்த்தால் செடியெல்லாம் மஞ்சள். ஆறாம் நாள் தண்டு தரையில் படுத்துவிட்டது. ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்தையே கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். செடி எழுந்திருக்கவில்லை.

பயந்தவன் மூளை தனி ரகம். மார்க்கெட்டுக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய கிழங்காக ஒரு பை வாங்கிவந்து, அக்கா மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, செடிக்கு ஒன்றாகப் புதைத்தேன்.

நிச்சயத்தன்று ஊரே கூடி நிற்க, சார் மண்வெட்டியை எடுத்தார். முதல் வெட்டில் என் கிழங்கு வந்தது. தேங்காய் அளவு! கூட்டம் கைதட்டியது. அடுத்த வெட்டில், அதற்குக் கீழே, வெள்ளையாக, உருண்டையாக, வேரில் தொங்கிக்கொண்டு ஏழெட்டுக் கிழங்குகள். லவ்கர்! செடி சாகவில்லை, விளைந்து முடிந்துதான் மஞ்சளாகியிருந்தது.

சம்பந்தி குனிந்தார். ஒன்று உருண்டை, ஒன்று நீளம். நீளத்துக்கு வேரே இல்லை.

"இன்னா சார், ஒரே செடியில ரெண்டு தினுசா கீது?"

சார் பெரிய கிழங்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மதில் ஏறிக் குதிக்க உயரம் அளந்துகொண்டிருந்தேன்.

"சின்னது நான் போட்டதுங்க. பெருசு மாடி வூட்டுத் தம்பி போட்டது. புள்ள பயந்துட்டான் போல" என்றவர், "பிலோமினா, ரெண்டையும் சேத்தே பொரியல் போடு" என்றார். சம்பந்தி சிரித்த சிரிப்பில் கரும்புத் தோட்டமே ஆடியிருக்கும். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், உருண்டையாகப் பொறுக்கி.

அடுத்த தை மாதமும் சாருக்கு விழுப்புரத்தில் வேலை வந்தது. தெருவில் எத்தனையோ பொறுப்பான ஆட்கள் இருந்தும், தோட்டத்தை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனார்.