காகிதப் பூசணிக்காய்

எங்கள் எஸ்டேட் லயத்தில் ரப்பர் பால் வாளி தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். (அப்பாவுக்கு அதில் பெருமை. எனக்கு அப்பாவைவிடப் பெருமை.) பெருமை தலைக்கு ஏறினால் அதை இறக்கி வைக்க எங்கிருந்தாவது ஒன்று வந்துவிடும். எனக்கு வந்தது ஒரு பூசணிக்காய்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். அசாம் ஜாவா பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால், ஒரு பிடி சோறுகூட அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது.

நான் டவுன் இடைநிலைப் பள்ளியில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. கல்வி அதிகாரியான வெள்ளைக்காரத் துரை என் வகுப்பின் கைவேலையைப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஆகும். அதற்காகவே நானும் மாணவிகளும் செய்தித்தாளைக் கூழாக்கி ஒரு பூசணிக்காய் செய்தோம். உள்ளே வெற்றிடம், காம்பைப் பிடித்துத் தூக்கினால் மூடிபோல் திறக்கும். கடைசிப் பூச்சு என் கையால்தான் என்று வீட்டுக்குத் தூக்கி வந்து, உள்ளேயும் வெளியேயும் வண்ணம் பூசினேன்.

துரை வரும் நாள் காலை, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரிசையில் நின்றேன். பெண்களைச் சோதிக்கும் முனியம்மாக்கா (முன்பு அம்மாவோடு புல் வெட்டியவர்) மறித்தார்.

“ஏம்மா டீச்சரு, காய்கறி வெளிய போகக் கூடாதுன்னு ஒனக்கே தெரியாதா?”

நிஜக் காய் என்றே நம்பிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, உச்சி குளிர்ந்தது.

“இது பேப்பருக்கா. நான் செஞ்சது.”

“பேப்பர்ல பூசணி காய்க்குதாக்கும்.”

மூடியைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. பசை பிடித்திருக்கும் என்று நினைத்தேன். சோதனைக் கம்பியோடு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் வந்தார். எஸ்டேட்டிலேயே வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். நான் வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“இதுக்குள்ள ஒரு பருக்கை சோறு இருந்தாலும் என்னப் புடிச்சு உள்ள போடுங்க.”

அவர் குத்தினார். பக்கவாட்டில் கையகலம் பிய்ந்தது. வெளியே வந்த கம்பி நுனியில் சோறும் ஒரு நெத்திலியும் இருந்தன. அந்த நெத்திலி என்னையே பார்த்தது.

வரிசையின் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நாந்தான்யா வச்சு ஒட்டுனேன். புள்ள மத்தியானமெல்லாம் வெறும் வயித்தோட கெடக்குது.”

“சோத்துல பூசணிக்காய மறைப்பாங்க. இந்தம்மா பூசணிக்காயில சோத்த மறைச்சிருக்கு” என்றார் யாரோ. வரிசை முழுக்கச் சிரித்தது. சார்ஜனும் சிரித்துவிட்டதால் நான் லாக்கப்புக்குத் தப்பினேன். ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

“சோறு கேட்டத் தாண்டாது. வயித்துக்குள்ள இருந்தா தாண்டலாம் லா” என்றார் சார்ஜன்.

ஓட்டை வழியே உருவி எடுத்த இலைப் பொட்டலத்தில் மிஞ்சியதை, மொத்த எஸ்டேட்டும் பார்க்க, நின்றபடியே தின்றேன். பெயிண்ட் வாசம் வேறு. நான் டவுனுக்குப் போக வேண்டிய லோரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “மெதுவாத் தின்னு, விக்கிக்கப் போகுது” என்றாள் அம்மா, இவ்வளவுக்கும் காரணமானவள்.

பள்ளியில் ஓட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். துரை அதைத் தன் பக்கம் திருப்பினார். மஞ்சள் பூசிய உள்பக்கத்தில், அம்மா ஒட்டியபோது வழிந்து காயாத பசையில், சோற்றுப் பருக்கைகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார். வெட்டிய காயின் உள்பக்கத்தையும் காட்ட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை என்றார். விதைகள் பிரமாதமாம். எப்படிச் செய்தேன் என்று கேட்டார்.

“வேகவைத்துச் செய்தது” என்றேன். (பொய் சொல்லவில்லை.) தலைமையாசிரியர் மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சன்னலைத் திறந்தார்.

வேலை நிரந்தரமானது. இன்றும் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் உள்ள என் ஓவியங்களைப் புகழ்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்:

“வெத யாரு வச்சான்னு கேளுங்க.”