மிச்சம் அண்ணனும் பச்சை மீட்டரும்

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். மடியில் மகள் ஸ்டெல்லா, எட்டு மாதம். நாத்தனார் ரோஸி. கம்ப்யூட்டர் சீட்டாட்டத்தைப் பாதியில் எங்களுக்கு விட்டு, மறுபடி தன் முறைக்குக் காத்திருந்த கூத்தாநல்லூர் பாய். அப்புறம் மிச்சம் அண்ணன்.

பாபநாசம் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மெமரியை அவரைப்போல் காவல் காத்தவர் உலகத்தில் கிடையாது. எவ்வளவு இடம் செலவாகிறது என்று காட்டும் பச்சை மீட்டர் திரை ஓரத்தில் எப்போதும் ஓடும். நாம் எதைத் திறந்தாலும் முதுகுக்குப் பின்னால், "மிச்சம் பன்னெண்டு எம்.பி." என்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

திரையில் மாதா படம் வைக்கக் கேட்டேன்.

"மாதா மனசுல இருக்கட்டும்மா. அங்க இடம் தாராளம்."

தன் கல்யாணப் பந்தியிலேயே மாலையோடு நின்று, "சாப்ட்டவங்க எழுந்திரிங்க, இடம் அடையுது" என்றாராம்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போனபோது எனக்கு ஐந்தாம் மாதம். பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அன்று கேமராவில் பார்க்க அங்கே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வண்டி வந்தால் எழுந்து போயாக வேண்டும். இங்கே கேமரா இருந்தது ஒரே மெஷினில். போட்டதும் படம் உறைந்துவிட்டது.

"தெரியுதாங்க?"

"பவுடர் பூசுன நெத்தி தெரியுது. யாரு அது?" என்றது ஸ்பீக்கர்.

"நான்தாண்ணே!"

"தள்ளுடி ரோஸி!"

மிச்சம் அண்ணன் மீட்டரைப் பார்த்தார். "மிச்சமே இல்ல. சீட்டாட்டத்தை மூடாம விட்டது யாரு?"

"ஜெயிக்கிற ஆட்டம் தம்பி" என்றார் பாய்.

"பெத்தவன் பிள்ளையப் பாக்கணும் பாய்."

"அட, மூடு மூடு!"

சீட்டை மூடினார். பாட்டை மூடினார். படம் ஒரு தரம் அசைந்து மறுபடி நின்றது.

"வண்டி வந்திருச்சு" என்றார் வீட்டுக்காரர்.

ரோஸி திரையில் விரலை வைத்தாள். "இந்தப் பச்சையா ஓடுதே, இது இடம் பிடிக்காதாண்ணே?"

கடை திறந்த நாளிலிருந்து அதை அண்ணன் மூடியதில்லை. கை மவுஸில் நின்றது. மூடினார்.

படம் ஓடியது. ஸ்டெல்லா கேமராவைப் பிடித்து வாயில் வைத்தாள்.

"பல்லு! பல்லு முளைச்சிருக்கு!" சிங்கப்பூரிலிருந்து கத்தினார்.

மீட்டர் இல்லாத திரையைப் பார்க்கப் பயந்து அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "யாரும் மூச்சு விடாதீங்க" என்றார்.

வண்டி ஹார்ன் அடிக்கும்வரை படம் நிற்கவில்லை. மீட்டர் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்று பிறகு கேட்டேன். வெட்கப்பட்டுச் சொன்னார்.

எங்களுக்காக அவர் விட்டுக்கொடுத்தது: நாலு எம்.பி.