மச்சானை மட்டும் கூப்பிடாதே

“இன்னொருக்கா இழுத்துப் பாருங்க” என்றாள் லெய்லா.

“இழுத்துக்கொண்டுதானே இரிக்கிறன். நான் என்ன ஊஞ்சலா ஆட்டுறன்?”

அவள் புருசன் மிஹ்லார் எஞ்சின் கயிற்றைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். எஞ்சின் ஒரு தடவை இருமியது. அடுத்த இழுவைக்கு அந்த இருமலும் இல்லை. பின்னால் கற்பிட்டித் தென்னைகள் ஒரு கோடாகவும், முன்னால் உச்சமுனைத் தீவு ஒரு புள்ளியாகவும் தெரிகிற நடுக் களப்பில் படகு நின்றுவிட்டது.

உச்சமுனையில் அன்று பின்நேர அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மணமகள் சிபானா, லெய்லா நானா என்று கூப்பிடும் அவள் அண்ணன் ஜபாரின் மகள். பிள்ளையில்லாத லெய்லா இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. மாமி வந்து தலையில் கைவைத்துத் துஆச் செய்யாமல் நான் பந்தலுக்கு வரமாட்டேன் என்று அவள் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால்தான் லெய்லா விடியற்காலையிலேயே எழும்பி இரண்டு பெரிய சட்டி வட்டிலப்பம் அவித்து, பட்டுச் சேலை உடுத்திப் படகேறியிருந்தாள். படகில் இருந்த ஒரேயொரு லைஃப் ஜாக்கெட், வட்டிலப்பச் சட்டிகள் சரியாமல் அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் நின்றதைக்கூட மிஹ்லார் மன்னித்திருப்பார். அது இன்றைக்கு நின்றதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் தில்லையடி லாபிரிடம் அவர் இந்தப் பாவித்த எஞ்சினை வாங்கினார். ஜபார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மச்சான், இது உன்னை நடுக் களப்பில விட்டுட்டுப் படுக்கும்” என்றார். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் போயிற்று. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில், ஊரே செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னார். அன்றோடு இருவருக்கும் கதை பேச்சு இல்லை. கலியாணத்துக்கும் ஜபார் நேரில் வந்து வாயால் சொல்லவில்லை. மூத்த மருமகன் அக்ரமிடம் கார்ட்டைக் கொடுத்தனுப்பினார்.

ஆகவே மிஹ்லார் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார். மனைவியை உச்சமுனைக் கரையில் இறக்குவது. தான் இறங்காமல் படகிலேயே குந்தியிருப்பது. நிக்காஹ் முடிந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு திரும்புவது. அதற்கென்றே புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு மனிசன் இறங்காமல் இருப்பது நாலு பேர் கண்ணில் படவேண்டும் அல்லவா?

“நானாக்கு ஒரு போன் எடுப்பமா?” என்றாள் லெய்லா.

“எடு. எடுத்து, நீங்க சொன்ன மாதிரியே எஞ்சின் படுத்திட்டு எண்டு சொல்லு. கலியாண வீட்டில மைக் இரிக்கும், அதில போடச் சொல்லு.”

“அப்ப நேவிக்குச் சொல்லுவம்.”

“நேவி வந்தா படம் புடிப்பானுகள். அந்தி மஃரிபுக்குள்ள புத்தளம் முழுக்க என்ட மூஞ்சி போகும். இன்னும் கொஞ்சம் பார்ப்பம்.”

“கொஞ்சம் எண்டா எவ்வளவு?”

“கொஞ்சம் எண்டா கொஞ்சம்தான், புள்ள. அளந்தா பார்க்கிறது?”

எண்ணெய் பிரச்சினை இல்லை. இரண்டு கேன் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. மிஹ்லார் எண்ணெய் விஷயத்தில் கவனமான ஆள். குறை எஞ்சினில்தான் என்று முடிவுசெய்து, அதை விற்ற லாபிருக்கே போன் எடுத்தார்.

“தங்கமான எஞ்சின், நானா” என்றான் லாபிர். “மூடியைக் கழட்டி, பிளக்கை எடுத்துத் துடைச்சுட்டுப் போடுங்க. சிங்கம் மாதிரி எழும்பும்.”

ஒரு கையில் போன், மறு கையில் எண்ணெய்ப் பிசுக்கு. பிளக் கழன்று வந்தது. வந்த வேகத்தில் விரலிலிருந்து நழுவி, களப்புக்குள் போனது.

“என்ன நானா, ‘டுப்’ எண்டு சத்தம்?”

“உன்ட தங்கம் தண்ணிக்குள்ள போற சத்தம்.”

“பரவாயில்ல. நான் தந்த பெட்டிக்குள்ள வேற ஒரு பிளக் இரிக்குமே?”

பெட்டி வீட்டில், அலுமாரிக்கு மேல் இருந்தது.

மிஹ்லார் போனை மனைவியின் மடியில் போட்டுவிட்டு, எஞ்சினுக்குள் தலையை நுழைத்து லாபிரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். லெய்லா அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெல்ல முணுமுணுத்தாள். துஆ ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். படகில் ஒரு உருப்படியான வேலையாவது நடக்கிறதே என்று ஆறுதலாகவும் இருந்தது.

தலையை வெளியே எடுத்தபோது போன் செத்திருந்தது.

“பெற்றரி எங்க போச்சு?”

“தங்கத்தைப் பத்திக் கதைச்சுக் கதைச்சு நீங்கதான் முடிச்சீங்க.”

அதற்குள் படகு ஒழுக்கில் மெல்ல வடக்கே நகரத் தொடங்கியிருந்தது. வடக்கே களப்பின் வாய், அதற்கப்பால் பெருங்கடல். மிஹ்லார் எழுந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி நங்கூரத்தை வீசினார். நங்கூரம் போனது. கயிறு சரசரவென்று பின்னால் போனது. கயிற்றின் மறு நுனியும் போனது.

“கட்டி இரிக்கலியா?” என்றாள் லெய்லா.

கலியாணத்துக்குப் போகிற படகென்று முந்தின நாள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கழுவியவர் அவர்தான். அதை இப்போது சொல்வானேன்?

அந்தக் களப்பில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் மாட்டிக்கொண்ட படகு, துடுப்பில் ஒரு துணியைக் கட்டித் தூக்கினால், கண்டவன் எவனானாலும் போய் இழுக்கவேண்டும். பகையாளியானாலும் போகவேண்டும். ஏன், எப்படி என்று கேட்கக்கூடாது. துணி தூக்காத படகிடம் ‘ஏன் நிற்கிறாய்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு. அவனவன் மீன் பிடிக்கிற இடம் அவனவனுக்குத்தான் தெரியும். எத்தனையோ உயிரைக் கரைசேர்த்த நல்ல வழக்கம். ஆனால் தூக்குவதற்குக் கையை உயர்த்தவேண்டும். அதற்கு முன் தலை கொஞ்சம் தாழவேண்டும்.

மிஹ்லார் துணி தூக்கவில்லை. தூண்டில் போட்டார்.

“இரை?” என்றாள் லெய்லா.

“மீனுக்கா போடுறன்? போற வாற ஆக்களுக்குப் போடுறன்.”

சற்று நேரத்தில் கற்பிட்டிக்காரன் அன்ரனி வலை இழுக்கப் போகிற வழியில் படகை மெதுவாக்கினான். “என்ன நானா, கலியாணத்தண்டைக்கும் தூண்டிலா?”

“நல்ல மீன் படுது, அன்ரனி. விட்டுட்டுப் போக மனமில்ல.”

அன்ரனி மீனில்லாத படகைப் பார்த்தான். பட்டுச் சேலையைப் பார்த்தான். வட்டிலப்பச் சட்டியையும் பார்த்தான். துணி இல்லை, அதனால் கேட்கவில்லை. “அக்கா, பிரச்சினை ஒண்டும் இல்லைதானே?” என்றான், மனம் கேளாமல்.

“அல்லாஹ் இரிக்கான், தம்பி. நீங்க போங்க” என்றாள் லெய்லா. அவள் முகத்தில் ஒரு விசித்திரமான அமைதி இருந்தது. பிற ஆம்பிளை முன்னால் புருசனைக் காட்டிக்கொடுக்காத பெண்சாதி என்று மிஹ்லாருக்குப் பெருமையாக இருந்தது. அன்ரனி போன பிறகு, போகச் சொன்னவுடனே போய்விட்டானே என்று அன்ரனி மீதும் கோபம் வந்தது.

நண்பகல் லுஹரை இருந்தபடியே தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, உச்சமுனைப் பக்கமிருந்து ஒரு நீலப் படகு நுரை தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. ஜபாரின் படகு. நேரே இவர்களை நோக்கித்தான் வந்தது. கூப்பிட்டால் கேட்கும் கேட்காது என்கிற தூரத்தில், சட்டென்று நின்றது.

நின்றது, நின்றதுதான்.

“பாத்தியா?” என்றார் மிஹ்லார். “பாத்தியா உன்ட நானாவை? மகளைக் கட்டிக் குடுக்கிற வாப்பா இவன். இவன் இல்லாம நிக்காஹ் நடக்காது. பந்தலையும் விட்டுட்டு என்ட கேவலத்தைப் பார்க்க வந்திரிக்கான்.”

“அப்பிடி இரிக்காது” என்றாள் லெய்லா. ஆனால் அவள் குரலிலும் குழப்பம். “கிட்ட வருவாங்க.”

வரவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்த மிஹ்லார் கொதித்துப்போனார். ஜபார் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைப் பழிச்சுக் காட்டுறான்! நான் போட்டன் எண்டு அவனும் போடுறான்!”

காற்று எழும்பியது. பிற்பகல் கச்சான் காற்று அங்கே கேட்டுக்கொண்டு வருவதில்லை. இவர்கள் படகு வாய்ப் பக்கம் தள்ளுண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஜபாரின் படகும் அதே தூரத்தில், அதே பக்கம். எட்டவும் போகவில்லை, கிட்டவும் வரவில்லை.

“பின்னாலேயே வாறான். எவ்வளவு தூரம் போறம் எண்டு பார்க்க வாறான். நான் துணி தூக்கோணும், அதை அவன் பார்க்கோணும். அதுக்குத்தான் இந்தக் காவல். செத்து மௌத்தானாலும் தூக்க மாட்டன்.”

லெய்லா இப்போது நானாவுக்காக வாதாடவில்லை. அலைத் தண்ணீர் படகுக்குள் தெறித்துக்கொண்டிருந்தது. அவள் வட்டிலப்பச் சட்டி மூடியை எடுத்துத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினாள். பட்டுச் சேலை முழங்கால் வரை நனைந்து கறுத்திருந்தது. அசருக்கு அதிக நேரம் இல்லை. உச்சமுனையில் ஒரு பிள்ளை பந்தலுக்குப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். லெய்லா அதைச் சொல்லவில்லை. எஞ்சினைப் பற்றி, நங்கூரத்தைப் பற்றி, எதைப் பற்றியும் சொல்லவில்லை. ஒரு கையால் தண்ணீர் அள்ளியபடி மறு கையால் தன் முந்தானையை இழுத்து, வெயிலில் எரிந்துகொண்டிருந்த மிஹ்லாரின் தலையில் போட்டாள்.

ஒரு வசை வந்திருந்தால் மிஹ்லார் பதில் வைத்திருந்தார். வந்தது முந்தானை.

அவர் குனிந்து, சட்டிகளுக்கு அண்டை கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை உருவினார்.

“வட்டிலப்பம் சரியும்” என்றாள் அவள்.

“சரியட்டும். கையை நீட்டு.”

“உங்களுக்கு?”

“எனக்கு நீந்தத் தெரியும். உனக்கு நீந்தத் தெரியாது. இது காலையிலேயே என்ட மண்டையில ஏறி இரிக்கோணும்.”

அவளுக்கு ஜாக்கெட்டைக் கட்டிவிட்டு, புது வெள்ளைச் சட்டையைக் கழற்றினார். துடுப்பில் இறுகக் கட்டினார். இந்த முறை முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “யா அல்லாஹ், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்” என்று சொல்லித் தூக்கினார்.

அங்கே நீலப் படகில், அதே நேரத்தில், ஒரு வெள்ளைச் சட்டை எழும்பியது.

மிஹ்லார் துடுப்பை ஆட்டிக் கத்தினார். “இதையுமா? துணியில கூடவா பகிடி? படைச்சவனுக்குப் பயம் வேணாமா?”

தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த அன்ரனி இரண்டையும் கண்டுவிட்டான். எஞ்சின் முழங்க வந்தான். வந்தவன் முதலில் ஜபாரிடம் போனான்.

“அங்க ஏன் போறான்? நான்தானே முதல்ல தூக்கினது! இதிலயுமா ஆள் பாக்கிறது?”

அங்கே என்னவோ பேசினார்கள். பிறகு அன்ரனி இவர்கள் பக்கம் திரும்பினான். அவன் படகுக்குப் பின்னால், கயிற்றில், ஜபாரின் படகும் வந்தது. ஜபார் புதுச் சாரத்தோடு, சட்டையில்லாத வெறும் மேலோடு, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

கிட்ட வந்ததும் மிஹ்லார் நெஞ்சை ஒருமுறை நிமிர்த்தி, பிறகு தளர்த்திக்கொண்டார். தோற்றதை முழுதாகவே தோற்றுவிடலாம் என்று பட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான். நீ சொன்னதுதான் சரி. எஞ்சின் நடுக் களப்பில படுத்திட்டு. நான்தான் கேக்கல்ல.”

“வஅலைக்குமுஸ்ஸலாம்” என்றார் ஜபார், மிக மெல்லிய குரலில். சிரிக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய வெற்றியில் இவ்வளவு அடக்கமா என்று மிஹ்லாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக இந்த மனிசனையா ஏசினேன்!

லெய்லா தன் நானாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இம்முறை அது துஆ போல இல்லை.

“ஒரு படகை இழுக்க ரெண்டு படகு எதுக்கு, அன்ரனி?” என்றார் மிஹ்லார். “மச்சானை நீ கரைக்கு அனுப்பிடு, அங்க நிக்காஹ் நிக்குது.”

அன்ரனி தலையைச் சொறிந்தான்.

“அக்கா போன் எடுத்த பதட்டத்தில எண்ணெய், நங்கூரம் ஒண்டும் பாக்காம உங்களை இழுக்க ஓடி வந்து, எண்ணெய் முடிஞ்சு நிண்டுட்டாராம், நானா, உங்கட கேன்ல கொஞ்சம் கேக்க வெக்கத்தில, நீங்க எப்ப துணி தூக்குவீங்க எண்டு மத்தியானத்தில இருந்து இரையில்லாம தூண்டில் போட்டுக்கொண்டு இரிக்கார்.”