எட்டுக் கண் டிரைவர்

“கேமரா இருக்க வேண்டிய இடத்துல நான் உக்காந்தா கேமரா எங்க உக்காரும்? என் இடத்துல கேமரா உக்காந்தா வண்டியை யாருடா ஓட்டுறது?”

அக்கா இப்படிக் கேட்டதும் அவர் தம்பியான வீடியோக்காரர் தலையைச் சொறிந்தார். நியாயமான கேள்விதான். மூன்று நாளாக அவரையும் அதுதான் குடைந்துகொண்டிருந்தது.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. ஒரே கார், ஒரே அறை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பள்ளி, இப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. சேருகிறவர்களில் பாதிப் பேர் பயந்து மூன்றாம் நாளே கம்பி நீட்டிவிடுகிறார்கள். மிச்சப் பேரில் ஒருவர் பேங்க் மேடம். பதினோரு வகுப்பு முடித்துவிட்டார். எதிரே லாரி வந்தால் இன்னமும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்.

“இவங்களை முதல்ல நாற்காலில உக்கார வெச்சுப் பழக்குவோம்க்கா,” என்று தம்பி சொல்லியிருந்தார். “கண்ணுல ஹெட்செட்டை மாட்டி விடுவோம். தெருவுல கார் ஓட்டுற மாதிரியே தெரியும். தலையைத் திருப்பினா பக்கத்து ஜன்னல், பின்னாடி பார்த்தா பின் கண்ணாடி. கிட்ட இருக்கிறது கிட்ட தெரியும், தூரத்துல இருக்கிறது தூரமா தெரியும். பயம் தெளிஞ்சதும் வண்டில ஏத்து.”

அதற்காகத்தான் அந்த எட்டு கேமராக்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சாப்பாட்டுத் தட்டு அளவு வளையத்தில் எட்டையும் வெளிப்பக்கம் பார்க்க வட்டமாகப் பொருத்தியிருந்தார். ஒரே காட்சியைப் பக்கத்துப் பக்கத்துக் கேமராக்கள் இரண்டும் பிடிக்கும். ஒன்று இடது கண்ணுக்கு, மற்றது வலது கண்ணுக்கு. எட்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டினால் முழு உலகம். மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் அக்காவின் நகப்பூச்சால் எண் போட்டிருந்தார்.

முதலில் வளையத்தைக் காரின் கூரைமேல் வைத்தார். பேங்க் மேடம் ஹெட்செட்டை மாட்டியதும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் எதுக்கு சார் கூரை மேல உக்காந்திருக்கேன்? கீழ யார் ஓட்டுறாங்க?”

அடுத்ததாக, ஹெல்மெட்டில் வளையத்தைப் பொருத்தி அக்கா தலையில் மாட்டினார். அக்கா நல்ல டிரைவர். நிமிஷத்துக்குப் பத்து தடவை இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி என்று பார்க்கிறவர். அவர் தலை திரும்பிய போதெல்லாம் உலகமே சுழன்றது. பேங்க் மேடம் ஒன்றும் குறை சொல்லவில்லை. “வாஷ்பேசின் எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவதாக டிரைவர் சீட்டில் ஒரு ஸ்டாண்டை நட்டு, மனிதத் தலை உயரத்துக்கு வளையத்தை ஏற்றி, நின்றுகொண்டிருந்த காரிலேயே எடுத்துப் பார்த்தார். ஸ்டீயரிங் இரண்டு கேமராக்களின் ஒட்டு விழும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், நடுவே பிளந்து இரண்டாகத் தெரிந்தது.

“ஒண்ணையே பிடிக்க முடியலன்னு அழுதுட்டு இருக்கேன், ரெண்டு குடுத்திருக்கீங்களே!” என்றார் பேங்க் மேடம்.

வளையத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்ததில் ஸ்டீயரிங் ஒன்றாயிற்று. படம் பிரமாதம். ஒரே ஒரு குறை, கார் நகரவில்லை. அந்த இடத்தில்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வீடியோக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்து சீட்டின் கீழே எட்டிப் பார்த்தார்.

“அக்கா, உன் பக்கம் கிளட்சும் பிரேக்கும் இருக்கே!”

“கத்துக் குடுக்கிற வண்டின்னா இருக்காதா?”

“ஸ்டீயரிங்கை அங்கேர்ந்தே ஒரு கையால பிடிப்பியா?”

“இருபத்திரண்டு வருஷமா வேற என்ன பண்ணிட்டு இருக்கேன்? ஆனா ஆக்ஸிலரேட்டர் அந்தப் பக்கம்தான். அதை யார் மிதிப்பா?”

வீடியோக்காரர் ஒல்லி. டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்குக்குக் கீழே மூன்றாக மடிந்து படுத்து, கறுப்புப் போர்வையை மேலே இழுத்துக்கொண்டார். ஆக்ஸிலரேட்டரைக் கையால் அழுத்துவதாக ஏற்பாடு.

“மிதிக்கிறதுக்கு பதிலா அமுக்கறேன். நீ ‘லேசா’ன்னா லேசா, ‘விடு’ன்னா விட்டுடுவேன்.”

“போலீஸ் பார்த்தா பள்ளிக்கூடத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்.”

“பின்னாடி தெருவுலயே ஒரே ஒரு சுத்துக்கா. அஞ்சு நிமிஷம்.”

எட்டு கேமராவையும் ஓடவிட்டார். பிறகு பளாரென்று ஒரு கை தட்டினார். அந்தத் தட்டல் எட்டிலும் பதியும். ஒட்டும்போது எட்டையும் ஒரே நொடிக்குப் பொருத்த அதுதான் அடையாளம். கார் எல் போர்டோடு மெதுவாகக் கிளம்பியது.

பால் பூத் தாண்டியதும் முதல் சத்தம் வந்தது.

“ஐயோ, ஆளில்லாம வண்டி போகுது!”

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். சைக்கிளில் வந்தவர் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினார். தெருவே நின்று காரைப் பார்த்தது. தெரு காரைப் பார்த்தால் நாளைக்கு ஹெட்செட்டுக்குள் பேங்க் மேடத்தைப் பார்க்கும். முப்பது பேர் வாயைப் பிளந்து பார்க்கும் தெருவில் அந்தம்மா எப்படி ஓட்டுவார்?

“நிறுத்து, நிறுத்து,” என்று போர்வை சொன்னது.

வீட்டுக்குப் போய் மாமாவின் சட்டை ஒன்றை எடுத்து வந்து ஸ்டாண்டுக்கு மாட்டினார்கள். இப்போது சீட்டில் ஆள் மாதிரி ஒன்று இருந்தது. தலை மட்டும் இல்லை. காலருக்கு மேலே கண்கள் இருந்தன. இந்த முறை சத்தம் போட்டவர் மாடியில் துணி காயப்போட்ட அம்மா. அவர் போட்ட சத்தத்தில் முந்தைய சத்தங்கள் எல்லாம் முணுமுணுப்பாகிவிட்டன.

“இதுக்கு ஆளில்லாமலே போயிருக்கலாம்,” என்றார் அக்கா.

“ஒரு தொப்பி வெச்சா சரியாப் போயிடும்க்கா.”

அடுக்குமாடிக் காவலாளியிடம் கெஞ்சி அவர் தொப்பியை வாங்கி வளையத்தின் மேல் கவிழ்த்தார். முன்னால் பளபளவென்று பித்தளை வில்லை வைத்த தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமான, கொஞ்சம் மெலிந்த மனிதர். மறுபடி எட்டையும் ஓடவிட்டுக் கிளம்பினார்கள்.

இந்தத் தடவை தெரு அடங்கியிருந்தது. சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அக்காவுக்குக்கூட உற்சாகம் வந்துவிட்டது. முனை வரை போய்த் திரும்பலாம் என்று நினைத்தார். முனையில் டிராஃபிக் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

போலீஸ்காரர் காரைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். வில்லையைப் பார்த்தார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

“டேய்,” அக்கா உதட்டை அசைக்காமல் சொன்னார், “சல்யூட் அடிக்கிறார்டா.”

“யாருக்கு?”

“மாமா சட்டைக்கு.”

கார் அவரைக் கடந்தது. பதிலுக்கு சல்யூட் வராததாலோ என்னவோ, போலீஸ்காரர் கூர்ந்து பார்த்தார். கண்ணாடியில் அக்கா கண்டது, அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியதைத்தான். அடுத்த நொடி விசில் கேட்டது.

“லேசா அமுக்குடா. இன்னும் கொஞ்சம்! விடு, விடு, விடு! ஐயோ, விடச் சொன்னா அமுக்குறியே!”

“வேகத்தடைல தலை இடிச்சுதுக்கா, கை அமுங்கிடுச்சு!”

ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் நடந்த அந்தத் துரத்தல் முட்டுச்சந்து ஒன்றில் முடிந்தது. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. போலீஸ்காரர் இறங்கி வந்து டிரைவர் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கிய ஜன்னல் வழியே எட்டில் மூன்று கண்கள் அவரைப் பார்த்தன.

“லைசென்ஸ்,” என்றார், பழக்க தோஷத்தில்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே கறுப்புப் போர்வையிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து ஒரு அட்டையை நீட்டியது. போலீஸ்காரர் ஓரடி பின்னால் துள்ளினார். பிறகு சமாளித்துக்கொண்டு, இரண்டு விரலால் அட்டையை வாங்கிப் படித்தார்.

“இது ஸ்கூட்டர் லைசென்ஸ்.”

“நான் அமுக்க மட்டும்தான் சார் செய்தேன்,” என்றது போர்வை.

அக்கா இறங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். போலீஸ்காரர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கத்து சீட்டுக்குக் கீழே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“எடுத்த வீடியோ எங்க?”

“இனிமேதான் சார் ஒட்டணும். நேரமாகும்.”

“ஆகட்டும். எனக்கு டியூட்டி இப்ப முடிஞ்சிடுச்சு. நான் பார்க்காம போக மாட்டேன்.”

பள்ளியின் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே போலீஸ்காரர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வகுப்புக்கு வந்த பேங்க் மேடம் அவரைப் பார்த்ததும் வந்த வழியே நழுவப் பார்த்தார். “உக்காருங்கம்மா,” என்று அவர் சொன்னதும் உட்கார்ந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் வீடியோக்காரருக்கு வியர்த்தது. தொப்பி வைத்த அவசரத்தில் மறுபடி கை தட்ட மறந்திருந்தார். எட்டு கேமராவும் எட்டு நேரம் காட்டின. சத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“சார், உங்க விசில்! எட்டுலயும் பதிஞ்சிருக்கு. அதை வெச்சே சரி பண்ணிட்டேன்!”

போலீஸ்காரர் முகத்தில் லேசாகப் பெருமை மாதிரி ஒன்று வந்துபோனது. “என் விசில் அப்படித்தான்,” என்றார்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் பேங்க் மேடத்துக்கு மாட்டினார்கள்.

“சார், தெருக்கோடி என் மூக்கு மேல இருக்கு. ஸ்டீயரிங் தெருக்கோடில இருக்கு.”

கை பட்டுப் பட்டு நகப்பூச்சு உரிந்ததில் வீடியோக்காரர் எண்களை மாற்றிப் படித்திருந்தார். இடது கண் வலதாகவும் வலது இடதாகவும் போயிருந்தது. மாற்றி ஒட்டி, மறுபடி மாட்டினார்.

இப்போது பேங்க் மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெதுவாக இரண்டு கையையும் தூக்கி, காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தலையைத் திருப்பிப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். எதிரே ஒரு லாரி வந்திருக்க வேண்டும், தோள் இறுகியது. கை மட்டும் கண்ணுக்குப் போகவில்லை. லாரி போய்விட்டது. தோள் இறங்கியது.

“போயிடுச்சு,” என்றார் ஆச்சரியமாக. “அது பாட்டுக்குப் போயிடுச்சு மாஸ்டர்!”

முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்து எழுந்தார். “சாவியைக் குடுங்க. இப்பவே ஓட்டிப் பார்க்கணும்.”

பதினோரு வகுப்பில் அவர் சாவியைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னொரு தடவை மூன்றாக மடியலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“அந்தம்மா கொஞ்சம் வெளில இருக்கட்டும்,” என்றார் போலீஸ்காரர்.

அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டுக் கழற்றினார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். மறுபடி பார்த்தார். மறுபடி எழுதினார்.

“இந்தத் திருப்பத்துல என்ன மிதிச்சீங்க? கிளட்சா, பிரேக்கா?”

“ரெண்டும்தான் சார்,” என்றார் அக்கா, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

“எதை முதல்ல?”

“பிரேக்கை சார்.”

எழுதிக்கொண்டார். “கியரை இங்க ஏன் மாத்தினீங்க?”

“வண்டி திணறுச்சு சார்.”

“திணறுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“சத்தத்துலயே தெரியும் சார்.”

அதையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது தடவை பார்த்து முடித்தபோது நோட்டில் நாலு பக்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன தண்டனை என்று அக்கா மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“எல்லாம் என் யோசனைதான் சார். அக்கா மேல தப்பே இல்ல. எழுதுறதா இருந்தா என் பேரை எழுதிக்குங்க.”

“சும்மா இருடா. வண்டி என்னுது, ஓட்டினதும் நான்தான் சார்.”

போலீஸ்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டைக் கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

“அந்தத் தொப்பி மாட்டின ஸ்டாண்டையே ஓட்ட வெச்சுட்டீங்களேம்மா, என்னையும் ஓட்ட வைக்க முடியுமா? திங்கட்கிழமைலேர்ந்து எனக்கு ரோந்து கார் குடுக்கிறாங்க, எனக்கு ஓட்டத் தெரியாது.”