பிரேக் சாமியின் கட்டைவிரல்

பூட்டிக்கிடந்த டயர் கடைக்குள் ஒரு சாமி வந்து உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த அத்தனை பேரும் வாசலில் வரிசை கட்டினார்கள். பெயர் பிரேக் சாமி. விபத்தை வருவதற்கு முன்பே நிறுத்துபவராம். பிரேக்கின் வேலையைச் சாமியே பார்த்துக்கொண்டால் பிரேக் எதற்கு?

முறை எளியது. இன்ஜின் ஓடும் வண்டியை அவர் முன்னால் நிறுத்த வேண்டும். சாமி கண்களை மூடி, ஹேண்டில்பாரின் வலப்பக்கம் கை வைப்பார். இன்ஜின் நின்றுவிடும். வண்டிக்காரர் முகம் வெளுத்துவிடும்.

"கண்டம் இருக்கு. அதான் வண்டியே பயந்து நின்னுடுச்சு" என்பார் சாமி. ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி, மறுபடி கை வைப்பார். இப்போது ஸ்டார்ட் ஆகும். கண்டமும் போயிற்று, காசும் போயிற்று.

கயிற்றுக்குப் பத்தியம் உண்டு. ஹெல்மெட் போட்டால் அருள் உள்ளே இறங்காது. கண்ணாடியில் பின்னால் பார்ப்பவன் நம்பிக்கை இல்லாதவன். பக்தர்கள் ஹெல்மெட்டைப் பரணில் போட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி எறிந்தார்கள். அருளுக்குத் தடையாக மண்டையோடு ஒன்றுதான் பாக்கி. அதைச் சாலை பார்த்துக்கொள்ளும்.

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் ஒருவனும் கயிறு கட்டிக்கொண்டான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு வளைவில் திரும்பியவன், மணல் குவியலில் போய் விழுந்தான். வீங்கிய முழங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், எக்ஸ்ரே எடுப்பது அவனுடைய சொந்த அக்கா.

"போன் பேசிக்கிட்டே வந்தியா?"

"கயிறு இருக்கேன்னுதான்க்கா பேசினேன். நல்லவேளை, கயிறு காப்பாத்துச்சு. இல்லன்னா உயிரே போயிருக்கும்."

"கயிறு கட்டுறதுக்கு முன்னாடி எத்தனை தடவை விழுந்திருக்கே?"

அவன் யோசித்தான். "விழுந்ததே இல்லக்கா."

"ம். கையை நேரா வை."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை அதே மேசையில் வேறொரு வீட்டுத் தம்பியின் தலையை அவள் படம் எடுத்திருந்தாள். தம்பியின் கை எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து அவன் வண்டியைச் சாமியிடம் ஓட்டிப்போனாள். கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஹேண்டில்பாரின் வலப்பக்கம் இன்ஜினை அணைக்க ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதன்மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைக் கனமாக ஒட்டியிருந்தாள்.

சாமி வழக்கம்போலக் கண்களை மூடிக் கை வைத்தார். இன்ஜின் ஓடியது. கட்டைவிரலை அழுத்தினார். ஓடியது. நெற்றி வியர்த்தது, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்களைத் திறந்து பிளாஸ்திரியைப் பார்த்தார். "இந்த வண்டிக்குக் கண்டம் இல்லம்மா. எடுத்துட்டுப் போ."

"போன வாரம் இதே வண்டிக்குக் கண்டம்னீங்க. கயிறு கட்டினப்புறம்தான் இவன் விழுந்தான். இப்பப் பாருங்க." பிளாஸ்திரியை உரித்தாள். "மறுபடி கை வைங்க சாமி."

சாமி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வரிசையில் முதலில் நின்ற தையல்காரரை அவள் கூப்பிட்டாள். "அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு இந்த இடத்துல கட்டைவிரலால அழுத்துங்க."

அழுத்தினார். இன்ஜின் நின்றது. தையல்காரர் தன் கட்டைவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமியாகணும்னா இவ்வளவுதானா?" என்றது ஒரு குரல். வரிசை முழுவதும் இன்ஜின்கள் நின்று நின்று ஸ்டார்ட் ஆயின. கொஞ்ச நேரத்தில் அங்கே சாமி அல்லாதவர் யாருமே இல்லை.

அந்த அமளியில் அசல் சாமி பின்பக்கமாக நழுவினார். அவர் வண்டியில் இரண்டு கண்ணாடிகளும் இருந்தன. ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்து, இருபுறமும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பினார். அந்தக் கூட்டத்திலேயே ஒழுங்காக வண்டி ஓட்டியவர் அவர் ஒருவர்தான்.

தம்பி போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டான். அக்கா முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பின்வரிசைக்காரர் ஒருவருக்கு மட்டும் கவலை தீரவில்லை. "ஏம்மா, இவரைத் துரத்திட்டே. இனிமே நாங்க எங்க போய்க் கயிறு கட்டுறது?"

"தலைக்குள்ள ஒண்ணு சும்மா கிடக்கு பாருங்கண்ணே" என்றாள் அவள், வண்டியைக் கிளப்பியபடி. "முதல்ல அதை ஸ்டார்ட் பண்ணுங்க."