பழைய சாவிக்குத் திறந்த பூட்டு

நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது.

சாவிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அவருடைய போன், மனைவியின் போன், மகளின் போன், மகளின் லேப்டாப். வீட்டு வைஃபையில் இருப்பவை அவ்வளவுதான். ஐந்தாவதாக, பேரே இல்லாத ஒன்று பச்சைப் புள்ளியோடு உள்ளே உட்கார்ந்திருந்தது.

கடைத்தெருவில் பூட்டு சாவிக் கடை வைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது அவருக்கு. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்து நிற்பவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து கொடுத்தவர். அவர் பூட்டியதை மட்டும் இதுவரை எவனும் திறந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் மகள் அவர் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, வீட்டு நெட்டின் காவலையும் அவரிடம் ஒப்படைத்திருந்தாள். இப்போது அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை எனக்கு இன்டர்வியூப்பா. லேப்டாப்லதான். அதுவரைக்கும் எதையும் நோண்டாம இருங்க, புண்ணியமாப் போகும்."

"நோண்டலம்மா. பூட்டறேன்."

ஐந்தாவதைத் தடை செய்தார். பச்சைப் புள்ளி அணைந்தது. திருப்தியாகத் தூங்கினார்.

மறுநாள் மாலை பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள்.

"ஒண்ணை வெளியே தள்ளினா மூணா வந்திருக்குடி!"

"கதவைத் தட்டாம வர்றதுன்னா உங்க தம்பி குடும்பமாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

சாவிக்காரர் உடனே பாஸ்வேர்டை மாற்றினார். எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு பல் வைத்த சாவி. அதைத் தன் பில் புத்தகத்தின் பின்னட்டையில் கூட எழுதவில்லை.

அடுத்த நாள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. புதுச் சாவியைப் போட்டால் 'தவறு' என்றது. வேறு வழி தெரியாமல், சும்மா ஒரு பேச்சுக்கு, பழையதை அடித்துப் பார்த்தார்.

திறந்தது.

பூட்டையே மாற்றிய கதவு பழைய சாவிக்குத் திறப்பதை அவர் தன் தொழிலில் பார்த்ததில்லை. உள்ளே போய்ப் பார்த்தார். ஏழு பச்சைப் புள்ளிகள்.

யாரோ விளையாடுகிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, வைஃபையின் பேரையே மாற்றினார். 'யார் நீ?' என்று வைத்தார். புதிதாக இன்னொரு பாஸ்வேர்டும் போட்டார்.

வியாழக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்த்தவருக்குப் பிரஷ் வாயிலேயே நின்றது. 'யார் நீ?' காணவில்லை. அந்த இடத்தில் 'நீ யார்?' என்று இருந்தது. பழைய சாவிக்கு அதுவும் திறந்தது.

மனைவியிடம் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"நியாயமான கேள்விதானே?"

"உனக்கு பயமாவே இல்லையா?"

"எனக்கு நெட்டு வருது. அப்புறம் என்ன?"

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் கை ஓடவில்லை. ஒருவர் அலமாரிச் சாவி கேட்டதற்கு சைக்கிள் சாவி வெட்டிக் கொடுத்து அனுப்பினார். பாதியில் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அறைக்குள் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். ஏழில் ஒன்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருந்தது. தொட்டார்.

படம் விரிந்தது. அவர் வீட்டு ஹால்.

அதே ஜன்னல், அதே கம்பி, அதே மூலையில் அதே தூண். ஆனால் சோபா இல்லை. பீரோ இல்லை. சுவரில் கல்யாணப் போட்டோ இல்லை. சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண். தலைமுடி முழுவதும் முன்னால் விழுந்து, முகம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. முடி மட்டும் மெல்ல அசைந்தது.

ஹாலுக்கு ஓடினார். சோபாவில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உன் மடியில யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா?"

"என் தலைமேல வேணா ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், கட்டின நாள்லேருந்து," என்றாள் அவள்.

அறைக்குள் திரும்பிக் கதவைச் சாத்தினார். படத்தின் கீழே மைக் குறி இருந்தது. என்ன இருந்தாலும் அவர் குடும்பத்தலைவர். அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"யாரா இருந்தாலும் போயிடுங்க. இது என் வீடு."

முடியின் அசைவு நின்றது. அந்த உருவம் எழுந்தது. நாலு பக்கமும் சுற்றியது. பிறகு கூரையைப் பார்த்துக் கை கூப்பியது.

"போயிடறோம். ஒண்ணும் பண்ணிடாதீங்க. போயிடறோம்."

போன் அவர் கையிலிருந்து கட்டிலில் விழுந்தது. 'போயிடறோமா? அப்போ எத்தனை பேர்?'

சனிக்கிழமை காலை மகள் உள்ளறையில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள். சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். லேப்டாப் திரையில் மூன்று அதிகாரிகள். பட்டியலில் இன்னும் ஏழு புள்ளிகள். அதுகள் எல்லாம் என் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கின்றன என்று தோன்றிய கணத்தில் அவருக்கு வேலை, சம்பளம் எல்லாம் மறந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறினார். பரணில் இருந்த நெட் பெட்டியின் ஒயரை வேரோடு பிடுங்கி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கால்மணி நேரம் அப்படியே ஸ்டூல்மேல் நின்றார். உள்ளே மகளின் பேச்சுக்குரல் நிற்கவே இல்லை.

கதவு திறந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! வேலை கெடைச்சிடும்போல. நெட்டு ஒரு தடவைகூட நிக்கலப்பா!"

அப்போதுதான் அவர் கையில் தொங்கும் ஒயரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. முதல் முறையாக மனைவியும் பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

நெட் மாட்டிக் கொடுத்தவருக்குப் போன் பறந்தது. "இந்தத் தெருவுலதான் இருக்கேன் சார்," என்றவர் இரண்டாவது நிமிஷமே வந்து நின்றார். மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னதையெல்லாம் கேட்டார். பெட்டியை வாங்கிக் குலுக்கினார், முகர்ந்தார். தன் போனை எடுத்துக்கொண்டு ஹாலின் பக்கவாட்டுச் சுவர் வரை நடந்தார். திரும்பி வந்தார். தலையைச் சொறிந்தார்.

"போன வாரம் இடி இடிச்சப்பவே உங்க பெட்டி கருகிடுச்சு சார், சும்மா லைட்டு மட்டும் எரிஞ்சிருக்கு. இந்த வரிசை வீடு எல்லாத்துக்கும் நான் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதான் போட்டுக் குடுத்தேன், அது என் தப்பு; இத்தனை நாளா நீங்க பூட்டினது பக்கத்து வீட்டு நெட்டை. இப்ப செருப்பை மாட்டிட்டு சீக்கிரம் வாங்க. பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடி வந்தவங்க லாரியில சாமான் ஏத்திட்டு இருக்காங்க, அந்தப் பேய் நீங்கதான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."