பின்பகுதி: காற்று நன்று

காற்று தானாக வீசுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். இலை அசைந்தால் காற்று, வேர்வை காய்ந்தால் காற்று என்று அவர்கள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு திரிகிறார்கள். உண்மையில் காற்று என்பது ஒரு நிர்வாகம். அது மேசையில் பிறக்கிறது, பதிவேட்டில் வீசுகிறது, கையெழுத்தில் அடங்குகிறது. கோலார் தங்கவயலில் இந்த உண்மையை முழுமையாக உணர்ந்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் திருவாளர் ஜெயகரன்தான்.

சுரங்கம் மூடப்படும் வரை இருபத்திரண்டு வருடம் அவர் காற்றோட்டப் பிரிவில் எழுத்தராக இருந்தார். பூமிக்கு அடியில் எந்த லெவலில் எவ்வளவு காற்று, எவ்வளவு தூசி என்பதை நாள் தவறாமல் பதிவேட்டில் ஏற்றினார். அவர் கீழே இறங்கிப் பார்த்ததுண்டா என்று சில விஷமிகள் கேட்பார்கள். ஒரு முறை புறப்பட்டார். ஆட்களை இறக்கும் கேஜின் வாசல்வரை போனார். அங்கே கொடுத்த பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருந்தது. ஒழுங்கில் நம்பிக்கையுள்ளவர் பொருந்தாத பூட்ஸில் எப்படிக் கடமையாற்றுவது? திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மேலே இருந்துகொண்டே ஆழம் பார்க்கும் திறமை அவருக்குக் கைவந்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு எழுபதாவது வயதில் மறுபடியும் ஒரு பதவி தேடி வந்தது.

விஷயம் இதுதான். அவருடைய மனைவி ஈவ்லினின் அண்ணன் மரியகுழந்தை அதே சுரங்கத்தில், ஆனால் கீழே, பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். இப்போது ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் லைன் வீட்டில் இருக்கிறார். நெஞ்சு சரியில்லை. பத்தடி நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். வேலூரில் இருக்கும் மகள் ஸ்வீட்டியின் குழந்தைக்கு ஞாயிறு மாலை ஞானஸ்நானம். குழந்தையைத் தாத்தாதான் கையில் ஏந்த வேண்டும் என்று ஸ்வீட்டி போனில் அழுதுவிட்டாள். மே மாதம். பஸ்ஸில் போனால் தாத்தா பாதி வழியில் நின்றுவிடுவார். காரில் படுக்க முடியாது. ஆகவே பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மரியகுழந்தையின் மகன் எரிக் ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தான். கட்டில், ஃபிரிட்ஜ், கழிப்பறை, டிவி எல்லாம் உள்ளே இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், வீட்டுக்குச் சக்கரம்.

வண்டி வந்து நின்றதும் எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று லைன் முழுக்கக் கூடிவிட்டது. மரியகுழந்தை வெளியே வந்ததும் கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

இதற்கு முந்தைய தினமே 'பயணக் காற்றோட்டம்' குறித்த ஆலோசனைக் கூட்டத்தை ஜெயகரன் கூட்டியிருந்தார். தலைவர் அவர். செயலாளர் அவர். உறுப்பினர்கள் எரிக், ஈவ்லின், மரியகுழந்தை.

"எனக்குக் கொஞ்சம் காத்து வந்தா போதும் மாப்ள. வேற ஒண்ணியும் வாணாம்" என்றார் மரியகுழந்தை.

ஜெயகரன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: 'பயணிகள் தரப்பில் காற்றோட்டம் குறித்து மகிழ்ச்சி தெரிவிக்கப்பட்டது.'

"அண்ணன் இன்னா சொல்லிச்சு, நீங்க இன்னா எழுதறீங்க?" என்றாள் ஈவ்லின்.

"சொல்றதை அப்படியே எழுதறதுக்குக் கூட்டம் இன்னாத்துக்கு?" என்று கேட்டார் ஜெயகரன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எரிக்கும் வெறுங்கையோடு வரவில்லை. காற்றை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான். தீப்பெட்டி அளவுதான். அதை எங்காவது ஒட்டிவிட்டால், காற்று எப்படி இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என அவன் செல்போனில் மார்க் போட்டுக் காட்டும். ஜெயகரனுக்கு அதைப் பார்த்ததும் உள்ளம் குளிர்ந்தது. தன் பரம்பரை அழியவில்லை என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு விலையுயர்ந்த பொருளைப் பின்னால் வைத்தால் கை கால் பட்டு உடையும் என்பதால், டிரைவருக்கு முன்னால், ஏசி வாய்க்குப் பக்கத்தில் ஒட்டச் செய்தார்.

டிரைவர் மனோகர் பங்காருபேட்டைக்காரன். வண்டியின் சங்கதி தெரிந்தவன். புறப்படும் முன் அவன் சொன்னான்:

"சார், இந்த ஏசி இஞ்சின் ஏசி. முன்னாடி சீட்டுக்குத்தான் வரும். பின்னாடி இருக்கற ஏசி வண்டி நின்னா, கரண்ட்டுல போட்டாத்தான் ஓடும். அதனால கூரை மேல பின்னாடி ஒரு மூடி இருக்கு பாருங்க, அதைத் திறந்து ஃபேன் போட்டுடணும். இங்க முன்னாடி ஜன்னலை ரெண்டு விரல் அளவு இறக்கிடணும். காத்து முன்னாடி நுழைஞ்சு, எல்லாரையும் தாண்டி, பின்னாடி மேல போயிடும். ஆனா பின் ஜன்னலை மட்டும் ஓடறப்ப திறக்காதீங்க. சைலன்சர் புகை உள்ள வந்துடும். அஷ்டே சார், அவ்ளோதான்."

ஜெயகரனின் முகம் மாறியது. காற்றைப் பற்றி ஒரு டிரைவர் பேசுவதா? அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு வாய்களைத் திறக்கச் சொல்வதா?

சுரங்கத்தில் ஒரு விதி உண்டு. நல்ல காற்று போகும் பாதைக்கும் கெட்ட காற்று திரும்பும் பாதைக்கும் நடுவே குறுக்குவழி இருந்தால், அங்கே இரண்டு கதவு போட்டிருப்பார்கள். ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்கலாம். இரண்டும் சேர்ந்து திறந்தால் காற்று வேலைக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிடும். அந்தச் சுற்றறிக்கையை ஜெயகரன் தன் கையாலேயே நூறு தடவையாவது படியெடுத்திருப்பார். கீழே போகாத காரணத்தால், அந்தக் கதவுகள் எங்கே இருந்தன என்ற அற்ப விவரம் மட்டும் அவருக்குத் தெரியாது.

"ரெண்டு கதவு ஒரே நேரத்துல திறக்கக் கூடாது" என்றார். "முன் ஜன்னல் திறந்தா மேல் மூடி சாத்தணும். மேல் மூடி திறந்தா முன் ஜன்னல் சாத்தணும்."

"அப்பிடின்னா காத்து எப்பிடி சார் போகும்?"

"போகக் கூடாதுன்னுதானே கதவே வெச்சிருக்கு?"

மனோகர் எரிக்கைப் பார்த்தான். எரிக், "அங்கிள்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் ப்ரோ, லீவ் இட்" என்றான்.

அத்தோடு விடவில்லை. சுரங்கத்தில் காற்றைத் திருப்பிவிடத் துணி கட்டுவார்கள் என்பதும் ஜெயகரனுக்குக் காகிதத்தில் பரிச்சயம். முன் சீட்டுக்குப் பின்னால், கூரையிலிருந்து தரைவரை ஒரு கனத்த ஜமக்காளத்தைக் கட்டினார். 'முறைப்படுத்தப்பட்ட' காற்று முன்னால் அவரிடமே நின்றுகொண்டது. மேல் மூடி சாத்தப்பட்டது. ஏசி வீணாகாமலிருக்க முன் ஜன்னலும் சாத்தப்பட்டது. மரியகுழந்தை பின் கட்டிலில் படுத்தார். காலடியில் ஈவ்லின். எதிர் இருக்கையில் எரிக். காலை சரியாக ஒன்பது மணிக்கு வண்டி புறப்பட்டது.

பேத்தமங்கலம் தாண்டும்வரை யாருக்கும் குறையில்லை. தங்கவயலின் காலைக் குளிர்ச்சி வண்டிக்குள் மிச்சமிருந்தது. அந்தப் பெருமையும் நிர்வாகத்துக்கே சேர்ந்தது. வி.கோட்டாவில் வெயில் ஏறியது. ஜெயகரனின் முழங்காலில் ஏசி சில்லென்று அடித்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டார். பின்னால் இருப்பவர்களுக்குக் குளிர் தாங்குமா என்று அவருக்கு உண்மையிலேயே கவலை வந்தது. அவர் கெட்டவர் அல்ல.

ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மாப்ள... காத்து..."

"யாரு பேசறது? எந்தப் பகுதி?"

"பின்னால... நான்தான்..."

"வாய்மொழிப் புகாரை எடுக்க முடியாது மச்சான். எரிக், அப்பாகிட்ட ஒரு பேப்பர் குடு. நேரம், இடம், குறை. மூணே வரி."

எரிக் பேப்பர் தேடவில்லை. அவனிடம் அதைவிடச் சிறந்த சாதனம் இருந்தது. செல்போனைப் பார்த்தான். "டாடி, காத்து தொண்ணூத்தி நாலு மார்க். எக்ஸலண்ட்னு காட்டுது. உங்களுக்கு அது மைண்ட்ல இருக்கு. ரிலாக்ஸ்." சொல்லும்போது அவன் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி அந்தத் தொண்ணூற்று நான்கின் மேல் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். தொண்ணூற்று ஐந்து.

மலைப்பாதை தொடங்கியது. இறங்க இறங்க வேலூர்ச் சீமையின் வெயில் அடுப்படியில் முகம் கொடுத்தாற்போல எழுந்து வந்தது. தகரக் கூரை சுட்டது. ஈவ்லின் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் பின் ஜன்னலைத் தள்ளினாள். அடுத்த வளைவிலேயே குபுகுபுவென்று டீசல் புகை உள்ளே புகுந்தது. மரியகுழந்தை இருமத் தொடங்கினார். அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இருமல்தான். ஆனால் வழக்கமாக ஓர் இடத்தில் நிற்கும், இப்போது நிற்கவில்லை.

"விதியை மீறுனா இன்னா ஆவும்னு இப்ப தெரியுதா?" ஜெயகரனின் குரல் ஜமக்காளத்தைத் தாண்டி வந்தது. அதில் கோபமில்லை. தன் சொல் மெய்யாகிவிட்டவனின் சாந்தம் இருந்தது.

ஈவ்லின் ஜன்னலைச் சாத்தினாள். புகை உள்ளேயே இருந்தது. மரியகுழந்தை எழுந்து உட்கார்ந்து கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். கூரையில் இருந்த மூடியை விரலால் காட்டினார். முன்பக்கம் காட்டினார். இரண்டையும் சேர்த்துத் திற என்பதுபோலக் கையை அசைத்தார். அந்த வண்டியில் காற்றின் வழி தெரிந்த பயணி அவர் ஒருவர்தான். அதைச் சொல்வதற்கு வேண்டிய காற்று அவரிடம் இல்லை.

அவர் உதடு நீலமாவதை ஈவ்லின் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டப்படவில்லை. அவள் ஜமக்காளத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தாள். அது புருஷன் தலைமேல் விழுந்தது. "எரிக்! அந்த போனைப் போட்டுட்டு மேல மூடியைத் திறடா! மனோகர், ஜன்னலை இறக்கு! எங்கனா நெழல் இருந்தா நிறுத்துப்பா!" எரிக் கட்டில்மேல் ஏறி மூடியைத் தள்ளினான், ஃபேனைப் போட்டான். முன்னாலிருந்து காற்று ஓடி வந்து, மரியகுழந்தையின் முகத்தில் மோதி, புகையை அள்ளிக்கொண்டு கூரை வழியே போனது. மனோகர் சொன்ன அதே வழி. நாற்பது நொடிகூட ஆகவில்லை.

பேரணாம்பட்டுக்கு முன்னால் ஒரு புங்கமரத்தடியில் வண்டி நின்றது. மரியகுழந்தையை வண்டிப் படியில் உட்காரவைத்தார்கள். எரிக் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "சாரி டாடி, சாரி டாடி" என்று அழுதான். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. வேலூருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. போய்விடலாம், பிள்ளையை ஏந்திவிடலாம் என்று ஈவ்லினுக்கு நம்பிக்கை வந்தது. வந்த பிறகுதான் அவள் முன் சீட்டில் கிடந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அரைமணிக்கு ஒரு வரி. அழகான வரிகள். படித்துக்கொண்டே போனவள் நின்றாள்.

"ஏங்க, இப்ப மணி இன்னா?"

"பதினொண்ணு பத்து" என்றார் ஜெயகரன், சால்வையை மடித்துக்கொண்டே.

"இதுல பன்னெண்டரை மணி வரைக்கும் எழுதிக்கீது. 'பின்பகுதி: காற்று நன்று. பயணிகள் நலம்.' கீழ கையெழுத்தும் கீது. பன்னெண்டரை எங்கங்க வந்துச்சு?"

ஜெயகரனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. வேலையின் நுணுக்கம் தெரியாதவர்களிடம் பொறுமையாகத்தான் விளக்க வேண்டும்.

"காலைல இட்லிக்கு முன்னாடியே எழுதி முடிச்சிட்டேன். ஆபீஸ்ல அதான் பழக்கம். ஷிப்ட் இறங்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு வரியெல்லாம் போட்டுடணும். இல்லைன்னா வேலை தேங்கிடும்."

"அண்ணன் செத்திருந்தா?"

"அதுக்கு வேற புக்கு" என்றார் ஜெயகரன். சொல்லி முடித்த பிறகு, இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று லேசாகத் தோன்றியது.

படியில் இருந்த மரியகுழந்தை தலையை நிமிர்த்தினார். "அப்பவும் இப்பிடித்தானா மாப்ள? எங்க லெவலுக்கும்?"

தன் பணியை ஒருவர் விசாரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜெயகரன் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லா லெவலுக்கும். இருபத்திரண்டு வருசம். ஒரு நாள் விட்டதில்லை. ஒரு வரி அடிச்சுத் திருத்துனதில்லை. எங்க சூப்பிரண்ட்டே சொல்வாரு, ஜெயகரன் புக்குல காத்து கெட்டதே கிடையாதுன்னு."

மரியகுழந்தை ஒரு மூச்சு எடுத்தார். அது உள்ளே போக நேரமானது. இன்னொன்று எடுத்தார்.

"சுரங்கம் மூடுன பின்னால, நஷ்டஈட்டுக்கு நெஞ்சைப் பார்க்கறதுக்கு டாக்டருங்க வந்தாங்க. நான் போய் நின்னேன். கல்லுத்தூசி நோவுன்னு எழுதிக் குடுங்க சாமின்னேன். புக்கைப் பார்த்தாங்க. உன் லெவல்ல தினமும் காத்து நன்று, தூசி இல்லைன்னு போட்டுக்கீது, உன் நெஞ்சுல கீறது பீடின்னுட்டாங்க." நிறுத்தினார். "நான் பீடியத் தொட்டதே இல்ல. பதினேழு வருசமா ரோசனை பண்ணிகினே கீறேன், என் நெஞ்சுக்குள்ள குந்திகினு பீடி குடிச்சவன் எவன்னு."

தங்கையின் புருஷன் என்கிற மரியாதையை அவர் அப்போதும் விடவில்லை.

"நீங்கதானா மாப்ள அது?"